"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"
முதன்முதலாக முயல் வளர்க்கும் வீடுகளுக்கு



பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சுன்னா நம்ம பிள்ளைகள் பிடிக்கிற பிடிவாதங்களில் ஒன்று, "அம்மா, எனக்கு முயல்குட்டி வேணும்" என்பது. வண்ண மீன் கடைகளுக்குப் பேர்போன கொளத்தூர் நமக்கு எட்டும் தூரம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைத் தெருக்களிலும் இப்போது செல்லப்பிராணிக் கடைகள் வந்துவிட்டன. நாய் மாதிரி குரைக்காது, பூனை மாதிரி பால் சட்டியை உருட்டாது, வாடகை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்று நாமும் சரி சொல்லிவிடுகிறோம்.

ஆனால் வாங்கி வந்த முதல் வாரத்திலோ, முதல் கோடையிலோ பல வீடுகளில் முயல் இறந்துபோகிறது. பிள்ளை சோறு சாப்பிடாமல் அழுகிறது. என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு!"

உண்மை என்னவென்றால், நேற்றும் அது நன்றாக இல்லை. நமக்குத்தான் தெரியவில்லை. அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இந்த இதழில் பேசப்போகிறோம்.

முயல் ஏன் சொல்லாது?

ஆடு நோய் வந்தால் கத்தும். நாய் முனகும். முயல் சத்தமே போடாது. காட்டில் நரி, கழுகு, பாம்பு எல்லாவற்றுக்கும் முயல்தான் இரை. கூட்டத்தில் எது சோர்ந்து கிடக்கிறதோ அதைத்தான் எதிரி முதலில் பிடிக்கும். அதனால் உடம்பு முடியாவிட்டாலும் முடிந்தவரை சாதாரணமாக உட்கார்ந்திருப்பது முயலின் பிறவிக் குணம். அது படுத்துவிட்டது என்று நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

ஆகவே முயல் முகத்தைப் பார்த்து நலம் தெரிந்துகொள்ள முடியாது. பார்க்கவேண்டியது இரண்டே இடம்: ஒன்று தீனித் தட்டு, இன்னொன்று புழுக்கை. இந்த இரண்டையும் காலையிலும் மாலையிலும் பார்க்கிற வீட்டில் முயல் பிழைக்கும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வீட்டு முயல் வேறு, காட்டு முயல் வேறு

நம்ம ஊர் ஏரிக்கரைகளிலும் முட்புதர்களிலும் இருக்கும் பழுப்பு நிற முயல் காட்டு முயல். அது வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். யாராவது "வயல்ல பிடிச்சது, வெச்சுக்கோங்க" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

கடையில் விற்பது வீட்டு முயல். இதன் முன்னோர்கள் ஐரோப்பாவில் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தவை. இதன் குட்டி முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். வளைக்குள் எப்போதும் குளிர்ச்சி, இருட்டு, அமைதி. அந்த மூன்றும் இன்றைக்கும் இதற்கு வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவதெல்லாம் தானாகப் புரியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உள்ளங்கையில் அடங்குகிற குட்டியைக் காட்டி "இதுதான் நல்லா பழகும்" என்று விற்பார்கள். அதை வாங்காதீர்கள். தாய்ப்பால் மறக்காத குட்டிக்குப் புல்லும் தீவனமும் செரிக்காது. கழிச்சல் கண்டு ஒரு வாரத்தில் போய்விடும். குறைந்தது 8 வாரம் ஆன குட்டியாக, தானே புல் தின்பதைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

• கண் தெளிவாக இருக்கவேண்டும். நீர் வடியக் கூடாது.
• மூக்கு காய்ந்திருக்க வேண்டும். முன்னங்கால்களின் உள்பக்க முடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால், சளி ஒழுகி அது காலால் துடைத்திருக்கிறது என்று அர்த்தம்.
• காதுக்குள் பொருக்கு இருக்கக் கூடாது. இருந்தால் சொறிப்பூச்சி.
• வால் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். ஈரமாக, அழுக்காக இருந்தால் கழிச்சல்.
• மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கடைக்காரர் என்ன தீனி போட்டார் என்று கேட்டு, அதையே கொஞ்சம் வாங்கி வாருங்கள். முதல் வாரம் அதே தீனி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம் தீனிக்கு மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். முதல் 2, 3 நாள் தூக்கிக் கொஞ்சாமல் விட்டுவிடுங்கள். புது மருமகள் மாதிரிதான், வீடு பழக நாள் ஆகும்.

2018-இல் வந்த மத்திய அரசின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, இப்படி விற்கும் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்றையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் 8 முதல் 10 ஆண்டு வரை வாழும். இன்றைக்கு மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை கல்லூரிக்குப் போகும் வரை அது இருக்கும். பிள்ளைக்கு ஆசை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் பார்க்கப்போவது யார்? பெரும்பாலும் நாம்தான்!

கூண்டும் இடமும்

ஒரு முயலுக்குக் குறைந்தது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். முயல் பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் காது இடிக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் சின்னக் கம்பிக் கூண்டு கொண்டுவருவதற்கு மட்டும்தான் ஆகும், குடியிருக்க ஆகாது. பழைய மரச்சட்டம், கம்பி வலை வைத்து நம்ம பக்கத்துத் தச்சரிடம் சொன்னால் செய்து தருவார்.

கம்பி வலை மேலேயே முயலை நிற்க வைத்தால் உள்ளங்காலில் முடி உதிர்ந்து புண் வரும். நாய், பூனை மாதிரி முயல் காலுக்கு மெத்தென்ற சதை கிடையாது, முடிதான் உண்டு. அதனால் தரையில் பாதி இடத்துக்காவது மரப்பலகையோ, கோரைப் பாயோ, மடித்த கோணிப்பையோ போடுங்கள். மேலே வைக்கோல் பரப்பலாம். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

ஒரு மூலையில் பழைய பிளாஸ்டிக் தட்டில் காகிதமும் வைக்கோலும் போட்டு, அதன் புழுக்கையைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். முயல் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் உள்ளது. சில நாளில் அந்தத் தட்டைப் பழகிக்கொள்ளும்.

ஒளிந்துகொள்ள ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அட்டைப் பெட்டி போதும். வளைக்குப் பதில் அது. பயந்தபோது ஓடி ஒளிய இடமில்லாத முயல் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும், தீனியும் எடுக்காது.

தினமும் 3 மணி நேரமாவது கூண்டை விட்டு வெளியே ஓடவிட வேண்டும். அப்போது மின்சார ஒயர்களை எடுத்து மேலே கட்டிவிடுங்கள். முயலுக்கு ஒயர் என்றால் வேர் மாதிரி, கடித்துவிடும்.

ராத்திரியில் கூண்டை வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது. நம்ம தெருக்களில் நாய் உண்டு, பூனை உண்டு, பெருச்சாளி உண்டு. நாய் கடிக்கவே வேண்டாம். கூண்டைச் சுற்றி வந்து குரைத்தாலே அதிர்ச்சியில் முயல் செத்துப்போவது உண்டு.

தீனி: கேரட் இல்லை, புல்

படக்கதையில் முயல் கேரட் தின்னும். நிஜ முயலின் சாப்பாடு புல்தான். 10 பங்கு தீனியில் 8 பங்கு புல்லாக இருக்க வேண்டும்.

காரணம் இரண்டு. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். நார் உள்ள புல்லை அரைத்து அரைத்துத் தின்றால்தான் பல் தேயும். தேயாவிட்டால் கூர்முனை வளர்ந்து நாக்கிலும் கன்னத்திலும் குத்தும். பசி இருந்தும் சாப்பிட முடியாது. இரண்டாவது, முயலின் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய குடல். நார்தான் அதைத் தள்ளுகிறது. மாவுப்பொருள் அதிகமானால் குடல் மெதுவாகி, வாயு சேர்ந்து, அப்படியே நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது கீழே வந்தே ஆக வேண்டும்.

சுமார் 2 கிலோ எடையுள்ள வளர்ந்த முயலுக்கு ஒரு நாளைக்கு:

• புல்: அதன் உடம்பு அளவு குவியல், எப்போதும் தட்டில் இருக்கும்படி. அருகம்புல் மிக நல்லது. நிறையக் கிடைக்கும்போது நிழலில் காயவைத்துக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.
• கீரை, தழை: இரண்டு கைப்பிடி. கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை, கல்யாண முருங்கை இலை கொடுக்கலாம். முருங்கை, அகத்தி, வேலிமசால் சத்துள்ளவை. ஆனால் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் வளர்ந்த முயலுக்கு வாரத்தில் ஓரிரு நாள் போதும்.
• முயல் தீவனம் (குச்சித் தீவனம்): 50 கிராமுக்கு மேல் வேண்டாம். 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மட்டும் கூடுதலாக வைக்கலாம்.
• கேரட், வாழைப்பழம், ஆப்பிள்: கட்டைவிரல் அளவு துண்டு, வாரத்துக்கு இரண்டு முறை. இது பிள்ளைகளுக்கு மிட்டாய் மாதிரி.
• தண்ணீர்: எப்போதும். கவிழாத கனமான மண் சட்டியில் வைத்தால் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

குட்டிக்குப் புதுக் கீரை கொடுக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு வகை, அதுவும் ஒரே ஒரு இலை. மறுநாள் புழுக்கை கெட்டியாக இருந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

கொடுக்கக் கூடாதவை: சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு, பால், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட். "நம்ம சாப்பிடுறதைத்தானே கொடுக்கிறோம்" என்ற பாசம்தான் நிறைய முயலைக் கொன்றிருக்கிறது. அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம், குரோட்டன்ஸ் எல்லாம் விஷம்.

மார்க்கெட்டில் கழித்துப் போடுகிற முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளைச் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். பூச்சிமருந்து இருக்கும். வாயுவும் சேரும். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் புல் அறுத்தால், சாக்கடை கலக்காத இடமா, கொசு மருந்து அடித்த இடமா என்று பார்த்து, இரண்டு தண்ணீரில் அலசி, ஈரம் உலர்ந்தபின் போடுங்கள்.

புழுக்கை படிப்போம்

ஆரோக்கியமான முயல் ஒரு நாளில் நூற்றுக்கும் மேல் புழுக்கை போடும். உருண்டையாக, ஒரே அளவில், காய்ந்து, உடைத்தால் உள்ளே நார் தெரிய வேண்டும். இதுதான் அதன் ஹெல்த் கார்டு!

• அளவு சிறுத்தால்: தீனி குறைந்திருக்கிறது, அல்லது பல்வலி.
• மணி கோத்த மாதிரி முடியால் இணைந்திருந்தால்: முடி உதிர்கிறது. உடம்பைச் சீவிவிட்டு, புல்லைக் கூட்டவும்.
• தண்ணீராகப் போனால்: குட்டியாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.
• புழுக்கையே இல்லை, தீனியும் தொடவில்லை: 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது முயல் விஷயத்தில் பெரும்பாலும் முடிந்துபோன கதை.

சிலர் பயந்துபோய்க் கேட்பது ஒன்று உண்டு: "முயல் தன் புழுக்கையையே திங்குதே, பைத்தியமா?" இல்லை. முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று நாம் பார்க்கும் காய்ந்த புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று, பளபளப்பாக இருக்கும். அதைத் தரையில் விழவிடாமல் வாயை வைத்தே எடுத்துத் தின்றுவிடும். அதில் புரதமும் பி வைட்டமினும் இருக்கிறது. மாடு அசைபோடுகிற மாதிரி, முயல் இப்படி இரண்டாம் முறை செரிக்கிறது. தடுக்கக் கூடாது. அது தின்னாமல் கூண்டில் மிதிபட்டுக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்: தீவனம் அதிகமாகிவிட்டது, அல்லது குனிய முடியாமல் உடம்பு வலிக்கிறது.

சிறுநீர் சில நாள் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வரும். தின்ற இலையின் சாயம் அது. ஓரிரு நாளில் மாறிவிடும். ஆனால் சொட்டுச் சொட்டாக ரத்தமோ, முக்கி முக்கிப் போவதோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பெண் முயல்களுக்கு 4 வயதுக்கு மேல் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது அதிகம்.

அந்தப் புழுக்கையை வீணாக்காதீர்கள். மட்க வைக்காமலேயே கீரைப் பாத்திக்கும் மாடித் தொட்டிக்கும் போடலாம், செடி கருகாது.

வெயில்தான் முதல் எதிரி

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது தெரியுமா? கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம். நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையம். இரண்டும் குளிர்ந்த மலை! முயலுக்குப் பிடித்த வெப்பம் 15 முதல் 25 டிகிரி. 30-ஐத் தாண்டினால் திணறும். நம்ம ஆவடி, அம்பத்தூரில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்குள் இன்னும் கூடும்.

முயலுக்கு வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கவும் தெரியாது. காது ஒன்றுதான் அதற்கு வழி. காதில் ஓடும் ரத்தக் குழாய் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். சுற்றிலும் காற்றே சூடாக இருந்தால் அதுவும் பலிக்காது.

மார்ச் பிறந்ததும் செய்ய வேண்டியவை:

• கூண்டை மாடியிலிருந்தும் ஷீட் கூரையின் அடியிலிருந்தும் இறக்கி, வேப்பமரம், முருங்கைமரம் நிழலிலோ, வீட்டுக்குள் சிமெண்ட் தரையிலோ வையுங்கள். கார் ஷெட், பால்கனி மேற்குப் பார்த்து இருந்தால் பிற்பகல் 3 மணிக்குத்தான் ஆபத்து அதிகம்.
• பெரிய மண்பானையைப் படுக்க வைத்து, அடியில் ஈர மணல் பரப்புங்கள். முயல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். காசில்லாத ஏ.சி. அது.
• தண்ணீர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூண்டில் ஓர் ஓரமாக வையுங்கள். மின்வெட்டு வந்தாலும் உதவும்.
• கோணிப்பையை நனைத்துக் கூண்டின் ஒரு பக்கம் தொங்கவிடுங்கள். மூன்று பக்கமும் மூடாதீர்கள், காற்று போக வேண்டும்.
• நாள் முழுக்க வேலைக்குப் போகிற வீடாக இருந்தால், பகலில் ஒருமுறை தண்ணீர் பார்க்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

முயல் வேகமாக மூச்சு வாங்கினால், காது சிவந்து சூடாக இருந்தால், வாயில் எச்சில் வழிந்தால், கால் பரப்பிக் கிடந்தால் வெப்பத் தாக்கு என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதை ஒற்றுங்கள். மின்விசிறி போடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியில் போய்விடும். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், புரை ஏறும். காதை நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

மழையும் பட்டாசும்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் நம்ம பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏரி நிரம்பினால் தாழ்வான தெருவுக்குத் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கூண்டைத் தரையிலிருந்து 3 அடிக்கு மேல் வையுங்கள். காய்ந்த புல்லை ஒரு வாரத்துக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த புல் ஆகாது.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து ஈ. வால் பக்கம் ஈரமும் அழுக்கும் இருந்தால் ஈ முட்டை வைத்து, ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் வாலைத் தூக்கிப் பாருங்கள்.

தீபாவளிக்கு முன்தினமே கூண்டை உள் அறையில் வைத்து, சன்னலைச் சாத்தி, மேலே போர்வை போட்டு, நிறையப் புல் கொடுத்துவிடுங்கள். காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

தூக்குவது எப்படி?

காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. எத்தனை பேர் அப்படித் தூக்கினாலும் அது தப்பு. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பின்பக்கம் தொங்கினால் முயல் பயந்து உதைக்கும். அந்த உதையிலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். பிறகு எழுந்து நிற்காது.

சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துத்தான் தடவ வேண்டும். நின்றுகொண்டு தூக்க விடாதீர்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். முயல் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பால் நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

முயலைக் குளிப்பாட்டக் கூடாது. பூனை மாதிரி தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

"ரெண்டும் பொட்டைதாங்க"

ஜோடியாகத்தான் வாங்கணும் என்பார் கடைக்காரர். முயலுக்குத் துணை பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் குட்டியில் ஆண், பெண் கண்டுபிடிப்பது கடினம். "ரெண்டும் பொட்டைதாங்க" என்ற பேச்சை நம்பி வாங்கினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 4, 5 மாதத்தில் பருவத்துக்கு வரும். 31 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு 6 குட்டி என்று வைத்தால் 2 முயல் 8 ஆகும். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும்! அடுத்த மாதம் 14.

தாய் முயலும் தேய்ந்துபோகும், வீடும் தாங்காது. ஆகவே 3 மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டி எது எதுவென்று தெரிந்துகொண்டு தனித்தனியே வையுங்கள். இல்லையென்றால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை உண்டு. முயலுக்குச் செய்து பழகிய மருத்துவரிடம் மட்டும் செய்ய வேண்டும்.

எதிர்பாராமல் குட்டி பிறந்துவிட்டால், தாய் பாலே கொடுக்கவில்லை என்று பதறாதீர்கள். முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது.

பெருகிவிட்டது என்று ஏரிக்கரையிலோ கோயில் தோப்பிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டு முயலுக்கு அங்கே பிழைக்கத் தெரியாது, ஒரே இரவில் நாய் முடித்துவிடும். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

வைத்தியம்

நம் வீட்டு மருந்தையோ நாய் மருந்தையோ முயலுக்குக் கொடுக்கவே கூடாது. அமாக்ஸிசிலின் மாதிரி, பிள்ளைகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து, முயல் வாய்க்குள் போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுக்கும். உண்ணி போக நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்தில் ஃபிப்ரோனில் இருந்தால் அதுவும் முயலுக்கு விஷம். காதுச் சொறிக்கு வேப்பெண்ணெய் தடவலாமா என்று கேட்பீர்கள். அது நக்கிவிடும். மருத்துவர் ஊசி போட்டால் எளிதில் குணமாகும். தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம். அங்கே முடியாவிட்டால் வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903-இல் தொடங்கிய பழைய கல்லூரி அது. ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து ஆட்டோவில் பக்கம்தான். பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியாகப் பேருந்தில் போகலாம். காற்றோட்டமான கூடையில், அடியில் துணி விரித்து, வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்புங்கள். கொஞ்சம் புல்லும், அன்றைய புழுக்கையை ஒரு கவரிலும் எடுத்துப் போங்கள். மருத்துவருக்குப் பாதி விவரம் அதிலேயே கிடைக்கும். கால்நடை உதவிக்கான அழைப்பு எண் 1962.

முயல் வாங்குகிற அன்றே இந்த இரண்டு இடமும் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்து எழுதி வைத்துவிடுங்கள்.

ஒரு வார்த்தை: இது தொழில் அல்ல

"ரெண்டு வாங்கினா ஆறு மாசத்துல இருபது, நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்" என்று யாராவது கூட்டத்துக்கு வந்து சொன்னால் கவனம் தேவை. 2012-இல் ஈரோடு, பெருந்துறை பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்த குடும்பங்களை நாம் செய்தியில் பார்த்தோம். முயல் பண்ணை வைப்பது தனித் தொழில். அதற்குப் பயிற்சி வேண்டும், சந்தை வேண்டும். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கால்நடை வளர்ப்புப் பயிற்சிகள் நடக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு யோசியுங்கள். செல்ல முயல் என்பது வரவு அல்ல, செலவு. அதற்கு உள்கடன் வாங்க வேண்டாம். வாங்கும் காசு சின்னது, வளர்க்கும் காசுதான் பெரிது.

சுவரில் ஒட்டி வைக்க

காலை 5 நிமிடம்: தட்டில் புல் குறைந்திருக்கிறதா? புழுக்கை நேற்றைய அளவில் இருக்கிறதா? தண்ணீர் மாற்று. ஈர வைக்கோல் எடு.

மாலை 5 நிமிடம்: கீரை கொடுத்தவுடன் ஓடி வருகிறதா? வால் பக்கம் சுத்தமா? மூக்கு காய்ந்திருக்கிறதா? புல் நிரப்பு.

வாரம் ஒருமுறை: காதுக்குள், பல், நகம், உள்ளங்கால் பார். எடை போட்டுக் காலண்டரில் எழுது.

இந்த வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். நாம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். வாய் பேசாத ஜீவனைக் கவனித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் பிள்ளைகளுக்கு வருகிறது என்றால் அதுவும் நல்ல சேமிப்புதானே!

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் வீட்டிலெல்லாம் முயல் இருக்கிறது? கூண்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது? பிற்பகல் 3 மணிக்கு அங்கே கை வைத்துப் பார்த்தோமா?
2. ஒரு வீட்டில் ஊருக்குப் போனால் மற்ற உறுப்பினர் யார் பார்த்துக்கொள்வார்?
3. கலப்படம் இல்லாத அருகம்புல் நம் பகுதியில் எங்கே கிடைக்கும்? சேர்ந்து அறுத்துக் காயவைக்க முடியுமா?

ஊக்குநர்கள் இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். முயல் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு முதலில் போய்ச் சேரட்டும்.